மண்ணிடம் கடன்பட்ட பாடகர்: ஆஷிக் வெய்சலின் பாடல்களுக்குள் இருக்கும் மனிதர்

துருக்கியின் நாட்டார் பாடகர் ஆஷிக் வெய்சலைப் பற்றி எங்கே வாசித்தாலும் அறிமுகம் ஒரே மாதிரியே தொடங்குகிறது. ஏழு வயதில் அம்மை நோய் அவருடைய பார்வையைப் பறித்தது. இருபதுகளில் தாயும் தகப்பனும் ஒன்றரை வருட இடைவெளிக்குள் இறந்துபோனார்கள். பிறந்து பத்தே நாளில் மகன் இறந்தான். மனைவி வீட்டு வேலையாளோடு ஊரை விட்டுப் போனார். அவர் விட்டுச்சென்ற கைக்குழந்தையை வெய்சல் இரண்டு வருடம் தூக்கி வளர்த்தார். அந்தக் குழந்தையும் நிலைக்கவில்லை. இவ்வளவும் நடந்து முடிந்தபோது அவருக்கு ஏறத்தாழ முப்பது வயது.

இந்தப் பட்டியலை வாசித்துவிட்டுப் பாடல்களுக்குள் போகிறவர் ஒப்பாரியைத்தான் எதிர்பார்ப்பார். அங்கே இருப்பதோ வேறொரு மனிதர். மண்ணைக் கொத்துகிற, வாங்கியதற்கும் கொடுத்ததற்கும் கணக்குப் பார்க்கிற, தன்னைப் பார்த்துத் தானே வியக்கிற ஒரு கமக்காரர். கொஞ்சம் குறும்பும் நிறையப் பிடிவாதமும் உள்ளவர்.

எனக்குத் துருக்கி மொழி தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய குரல் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் இந்தப் பாடல்களுக்குள் போனேன். போகப் போக ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருவருடைய பாட்டிலிருந்து அவருடைய குணத்தை எப்படி அறிவது? அவருக்கு நேர்ந்தவற்றை வைத்தா, அல்லது நேர்ந்தவற்றுக்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார் என்பதை வைத்தா? யுத்தத்தைக் கடந்து வந்த எங்களுக்கு இது வெறும் இலக்கியக் கேள்வி அல்ல. 'காலை இழந்தவர்', 'பிள்ளையைத் தொலைத்தவர்' என்று இழப்பைக் கொண்டே ஆட்களை அடையாளம் சொல்லும் வழக்கம் எங்கள் மத்தியிலும், குறிப்பாக எங்கள் ஊடகங்களிலும், ஊறிப்போயிருக்கிறது.

சிவ்ரியாலன் கிராமத்துப் பிள்ளை

வெய்சல் 1894 இல் மத்திய துருக்கியின் சிவாஸ் மாகாணத்தில், ஷார்கிஷ்லா பகுதியிலுள்ள சிவ்ரியாலன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஆடு கறக்க மேய்ச்சல் நிலத்துக்குப் போன தாய் குலிஸாருக்கு வழியிலேயே பிரசவம் ஆனது. தொப்புள்கொடியைத் தானே அறுத்து, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்து வந்தார் என்பது அந்த ஊர் சொல்லும் கதை.

வெய்சல் பிறப்பதற்கு முன்பே அவருடைய இரண்டு சகோதரிகளை அம்மை கொண்டுபோயிருந்தது. 1901 இல் அது மறுபடியும் வந்தது. அந்த நாளைப் பற்றி வெய்சலே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாய் தைத்துக் கொடுத்த புதுச் சட்டையைத் தன்மீது பிரியமான அயல் வீட்டுப் பெண் ஒருவருக்குக் காட்டப் போனார். திரும்பும் வழியில் சேற்றில் சறுக்கி விழுந்தார். அதன் பின் எழும்பவில்லை. அம்மை ஒரு கண்ணை முற்றாக அழித்தது. மங்கலாக எஞ்சியிருந்த மற்றக் கண்ணைப் பின்னர் ஒரு விபத்துப் பறித்தது.

தகப்பன் அகமட் ஒரு விவசாயி. மகனின் துயரத்தை ஆற்றுவதற்காக அவர் ஒரு 'சாஸ்' வாங்கிக் கொடுத்தார். நீண்ட கழுத்தும் குடம் போன்ற அடிப்பகுதியும் கொண்ட, தந்திகளை மீட்டி வாசிக்கும் கருவி அது. அனத்தோலியாவின் நாட்டார் பாடகர்கள் அதை மீட்டித்தான் பாடுவார்கள். அவர்களை 'ஆஷிக்' என்று அழைப்பார்கள். காதல் வயப்பட்டவர் என்பது அந்தச் சொல்லின் பொருள். அந்தக் காதல் ஒரு பெண்மீதும் இருக்கலாம், இறைவன்மீதும் இருக்கலாம். வெய்சலின் குடும்பம் அலெவி சமூகத்தைச் சேர்ந்தது. சுன்னி பெரும்பான்மையால் நீண்ட காலமாகச் சந்தேகத்துடன் பார்க்கப்பட்ட அந்தச் சமூகத்தின் வழிபாட்டில் சாஸும் பாட்டும் நடுவிடத்தில் இருப்பவை.

மரபு எது, அவர் எது?

ஆஷிக் மரபுக்கென்று இலக்கணங்கள் உண்டு. விதியை நொந்துகொள்வது, உலகத்தின் நிலையாமையைச் சொல்வது, கைவிட்டுப்போன காதலியைப் பாடுவது எல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. ஆகவே ஒரு பாட்டில் விதியைப் பற்றிய முறைப்பாடு இருக்கிறது என்பதற்காக, பாடியவர் எப்போதும் நொந்துகொண்டிருந்தவர் என்று முடிவு கட்ட முடியாது. அது மரபின் குரலாகவும் இருக்கலாம். ஆளைக் காண வேண்டுமானால் மரபை விட்டு அவர் எங்கே விலகுகிறார் என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஆஷிக் பாடலின் கடைசிப் பகுதியில் பாடகர் தன் பெயரை வைப்பார். சம்பந்தர் தன் பதிகங்களின் இறுதிப் பாட்டில் தன் பெயரை வைப்பதும், எங்கள் கீர்த்தனைகளில் முத்திரை வருவதும் போன்றதுதான் இது. பெரும்பாலான பாடகர்களுக்கு அது ஒரு கையொப்பம். வெய்சலுக்கோ அது தன்னை வெளியே நின்று பார்ப்பதற்கான இடம்.

வாழ்க்கையை நீண்ட ஒடுங்கிய பாதையாகப் பார்க்கும் அவருடைய புகழ்பெற்ற பாடல் ஒன்று உண்டு. பிறந்த கணத்திலிருந்து இரவும் பகலும் அந்தப் பாதையில் நடந்துகொண்டே இருக்கிறோம், உலகம் இரண்டு வாசல்கள் உள்ள ஒரு சத்திரம் என்பது அதன் கருத்து. இதே கருத்தை வைத்துக் கண்ணீர் மல்கப் பாடியவர்கள் ஏராளம். வெய்சல் பாட்டின் கடைசியில் தன் பெயரைச் சொல்லி, அழுவதும் சிரிப்பதுமாகப் போகும் அந்த வெய்சலைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார். தன்மீது இரக்கப்படுபவரின் தொனி அதில் இல்லை. அவரிடம் நான் முதலில் கண்ட குணம் இந்த வியப்புத்தான்.

காதலியின் இடத்தில் மண்

வெய்சலின் பாடல்களில் அதிகம் அறியப்பட்டது 'கறுத்த மண்'. மரபுப்படி உண்மையான காதலியைத் தேடித் தோற்றுப்போகிற ஒருவரின் பாட்டாகவே அது தொடங்குகிறது. ஆனால் தேடலின் முடிவில் காதலியின் இடத்தில் அவர் மண்ணை வைக்கிறார்.

அதற்குப் பிறகு வருவது ஏறத்தாழ ஒரு கணக்குப் புத்தகம். ஆடும் குட்டியும் பாலும் பாணும் இறைச்சியும் தந்தது மண். நான் செய்ததோ மண்வெட்டியாலும் குந்தாலியாலும் அதன் வயிற்றைக் கிழித்ததும், நகத்தால் அதன் முகத்தைக் கீறியதும். அப்படியிருந்தும் அது என்னைப் பூவோடு வரவேற்றது. ஒரு விதையைக் கொடுத்தேன், தோட்டங்களாகத் திருப்பித் தந்தது. இந்தப் பாங்கில் பாட்டு நகர்கிறது. உழைக்காமல் இருந்தால் மண் அளந்துதான் தரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

உலகம் தனக்கு இழைத்த அநியாயங்களை வரிசையாகச் சொல்ல வெய்சலை விட உரிமை உள்ளவர்கள் குறைவு. அவரோ தான் மண்ணுக்குச் செய்ததை வரிசைப்படுத்துகிறார். அந்தக் கணக்கில் கடன் கொடுத்தவர் மண், கடன்காரர் வெய்சல். தன்னை ஏமாற்றப்பட்டவராக அல்லாமல் கடன்பட்டவராகக் காணும் இந்தப் பார்வை மரபிலிருந்து வரவில்லை. அது அவருடையது.

அது வெறும் பாட்டுப் பேச்சாகவும் இருக்கவில்லை. சிவ்ரியாலனில் அவர் ஒரு பழத்தோட்டத்தை உருவாக்கினார். கையால் தடவி மரத்தை அறிந்து, பராமரித்து, காய்க்க வைத்த மனிதர் அவர். விதையும் தோட்டமும் பற்றிய அந்த வரிகளை வாசிக்கும்போது, உவமை தேடிப் போன கவிஞரை விட மண் ஒட்டிய கைகளே எனக்குத் தெரிகின்றன.

அழகைப் பற்றிக் கண் தெரியாதவர் சொன்னது

அழகைப் பற்றிய அவருடைய பாடல் ஒன்றும் இதேயளவு புகழ்பெற்றது. மரபில் காதலியின் அழகு தானாகவே ஒளிர்வது. பாடகர் அதன் முன்னால் மண்டியிடுவார். வெய்சல் அதைத் தலைகீழாக்குகிறார். என்னிடம் இந்தக் காதல் இல்லாவிட்டால் உன் அழகு சல்லிக்காசும் பெறாது என்பதே பாட்டின் அடிப்படை. அழகின் பெறுமதி பார்க்கப்படுகிற பொருளில் இல்லை, நேசிக்கிறவரிடம் இருக்கிறது என்கிறார்.

இதைச் சொல்பவர் பார்வையற்ற ஒருவர் என்பதை நினைத்துப் பாருங்கள். அழகைப் பற்றிப் பேச அவருக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டிருக்கக்கூடும். அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் செய்துவிடுகிறது இந்தப் பாட்டு. இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது, கூடவே குறும்பும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சுயமரியாதை இருக்கிறது.

பார்வை இழந்ததை அவர் பாடாமலும் விடவில்லை. தன் வாழ்க்கையைச் சொல்லும் பாடல் ஒன்றில், தான் பிறந்த ஆண்டைப் பழைய நாட்காட்டிப்படி குறிப்பிட்டு, உலகத்தை ஆசைதீரப் பார்க்கக் கிடைக்கவில்லை என்கிறார். அம்மை ஒரு சாட்டு மாத்திரமே, எழுதியிருந்தது அதுதான் என்று சொல்லி அப்பால் நகர்கிறார். வலியை மறைக்கவில்லை, ஆனால் அதற்குள் குடியிருக்கவும் இல்லை.

போர்க்களத்துக்குப் போகாதவரின் துயரம்

முதலாம் உலக யுத்தம் தொடங்கியபோது வெய்சலுக்கு இருபது வயது. அண்ணன் அலியும் ஊரிலுள்ள சமவயதுக்காரர்களும் போர்முனைக்குப் போனார்கள். கண் தெரியாத வெய்சல் ஊரில் தனித்தார். வீட்டுத் தோட்டத்திலிருந்த பேரி மரத்தடியில் குளிர் இரவுகளைக் கழித்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நாடு போராடியபோது தனக்கு ஒரு காவல் முறைகூடக் கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை அவர் பிற்காலத்தில் பாட்டாகவும் பாடினார்.

சாந்தமான சமாதானக் கவிஞர் என்ற படத்துக்குள் இந்தப் பாட்டு அடங்காது. ஆனால் எல்லோரும் போன பிறகு ஊரில் எஞ்சியவரின் குற்ற உணர்வு எப்படியிருக்கும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கே அவர் கேட்பது பரிதாபத்தை அல்ல, மற்றவர்களுக்கு இணையான ஒரு பங்கை. அவருடைய ஆளுமையைத் திறக்கும் சாவி இந்த ஆசைதான் என்று நினைக்கிறேன். பிற்காலத்தில் அவர் செய்த பலவற்றை அது விளக்குகிறது.

அங்காராவுக்கு மூன்று மாத நடை

1931 இல் சிவாஸில் ஆசிரியராக இருந்த கவிஞர் அகமட் குட்சி டெஜெர், நாட்டார் பாடகர்களுக்காக மூன்று நாள் விழா ஒன்றை நடத்தினார். வெய்சல் ஊருக்கு வெளியே அறியப்பட்டது அதன் பின்னர்தான். அதுவரை அவர் பெரும்பாலும் பழைய பாடகர்களின் பாடல்களையே பாடிவந்தார். 1933 இல் துருக்கிக் குடியரசின் பத்தாவது ஆண்டையொட்டி முஸ்தபா கமால் அதாதுர்க்கைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். அதை அதாதுர்க்கிடம் நேரில் பாடிக் காட்ட விரும்பி, நண்பர் இப்ராஹிமோடு சிவ்ரியாலனிலிருந்து அங்காராவுக்கு நடந்தார். குளிர்காலம். போய்ச் சேர மூன்று மாதங்கள் ஆயின.

அதாதுர்க்கை அவரால் கடைசிவரை சந்திக்க முடியவில்லை. சாஸுக்குத் தந்தி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனபோது, கிராமத்து உடுப்பைப் பார்த்துப் பொலிஸ்காரர் உள்ளே விட மறுத்தார். பின்னர் அவருடைய பாட்டு அரசின் பத்திரிகையான 'ஹாகிமியெதி மில்லியே'யில் வெளியானது. அதே கடைத்தெருவில் பொலிஸார் பெயர் சொல்லி மரியாதையோடு வரவேற்றார்கள். வெய்சலே இதை விபரித்திருக்கிறார். அந்த விபரிப்பில் கோபத்தை விட நகைச்சுவைதான் தூக்கலாகத் தெரிகிறது.

வெய்சல் குடியரசைப் புகழ்ந்த பாடகர் என்பதை மழுப்பிவிட்டுப் போக முடியாது. அவர் வாழ்த்திய அதே அரசு 1937-38 இல் டெர்சிம் பகுதியில் ஆயிரக்கணக்கான குர்து அலெவிகளைக் கொன்றது. எங்களைப் போன்ற வாசகர்களுக்கு இது உறுத்தும். உறுத்தவும் வேண்டும். அதேவேளை, ஒஸ்மானிய காலத்து ஒடுக்குமுறையை அனுபவித்த பல அலெவிகள் மதச்சார்பற்ற குடியரசை ஒரு பாதுகாப்பாகக் கண்டார்கள் என்பதும் வரலாறு. சமமான பங்கைக் கேட்டு நின்ற ஒரு கிராமத்தவருக்கு, அதைத் தருவதாகச் சொன்ன அரசு பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அந்தப் பங்கை அவர் வேலையாகவும் செய்தார். கிராமத்துப் பிள்ளைகளை ஆசிரியர்களாக்க 1940 இல் 'கிராமிய நிறுவனங்கள்' என்ற பாடசாலைகள் தொடங்கப்பட்டன. ஹசனோக்லான், அரிஃபியே உட்படப் பல இடங்களில் வெய்சல் சாஸ் கற்பித்தார். 1965 இல் தாய்மொழிக்கும் தேசிய ஒற்றுமைக்கும் ஆற்றிய பணிக்காகத் துருக்கிப் பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றின் மூலம் அவருக்கு மாதம் 500 லிரா வழங்கியது.

சுன்னி என்றும் அலெவி என்றும் பிரிந்து நிற்பதன் மடமையை அவர் பாடல்களில் நேராகவே சாடினார். அது கேட்கப்படவில்லை. அவர் இறந்து இருபது வருடங்களின் பின், 1993 ஜூலை 2 இல், அதே சிவாஸ் நகரில் அலெவி கலாசார விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த மதிமாக் ஹோட்டலை ஒரு கும்பல் தீயிட்டது. விழாவுக்கு வந்த 33 பேரும் ஹோட்டல் ஊழியர்கள் இருவரும் இறந்தார்கள். அவர்களில் சாஸ் மீட்டிப் பாடும் கலைஞர்களும் இருந்தார்கள்.

சொல்லாமல் விட்டவை

ஒருவரின் குணத்தை அவர் பாடியவை மட்டும் சொல்வதில்லை. பாடாமல் விட்டவையும் சொல்கின்றன.

மனைவி எஸ்மா போனதைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. அவர் போகப்போவதை வெய்சல் முன்கூட்டியே உணர்ந்திருந்தாராம். போகிற இடத்தில் கஷ்டப்படக்கூடாது என்று அவருடைய காலுறைக்குள் பணம் வைத்துவிட்டாராம். இதை உறுதிப்படுத்த முடியாது, கதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அவரை அறிந்த மக்கள் அவரைப் பற்றி நம்பத் தயாராக இருந்தது எது என்பதை அது சொல்கிறது. பிரிவைப் பற்றிய சில பாடல்களை எஸ்மாவோடு இணைத்துப் பேசுவோரும் உண்டு. அந்த இரண்டு வயதுக் குழந்தையின் கதை வேறு. அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் எதுவும் அந்தக் குழந்தையைப் பற்றியதல்ல.

இந்த மௌனத்துக்கு விளக்கம்போல ஒரு பாட்டு இருக்கிறது. அது தன் சாஸுக்கு அவர் சொல்லும் மரணசாசனம். முசுக்கட்டை மரக்கிளையிலிருந்து வந்த நீயும் மனிதப் பிறவியான நானும் எங்களை உருவாக்கியவர்களை மறக்கக்கூடாது என்று சாஸோடு பேசுகிறார். நான் போன பிறகு என் இரகசியங்களை வெளியே விடாதே என்று அதனிடம் கேட்டுக்கொள்கிறார். வாழ்நாள் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் முன்னால் பாடிய மனிதர், பாட்டுக்குள் வராதவை தன்னிடம் உண்டு என்றும், அவை தனக்கே உரியவை என்றும் சொல்கிறார். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்திருப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை அவர் எவருக்கும் கொடுக்கவில்லை.

பாதிக்கப்பட்டவர்களிடம் ஒலிவாங்கியோடு போகிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். எப்படி இழந்தீர்கள், எப்போது இழந்தீர்கள், இப்போதும் அழுகிறீர்களா என்று எங்கள் ஊர்களில் எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கிறது! காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் தாங்கள் சொல்ல வந்ததைத் தெருவோரத்தில் இருந்து ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். அதற்குக் காது கொடுப்பது எங்கள் கடமை. அதற்கு அப்பால் ஒருவர் சொல்ல விரும்பாததைத் தோண்டி எடுப்பது அவரை அறிவதாகாது. அவர் என்ன நட்டார், யாருக்குக் கற்பித்தார், எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதும் அவரைப் பற்றிய செய்திதான்.

1952 இல் இயக்குநர் மெட்டின் எர்க்சான் வெய்சலின் வாழ்க்கையைப் படமாக்கியபோது வைத்த பெயர் 'இருண்ட உலகம்'. தணிக்கைக்காரர்கள் அந்தப் படத்தைத் தடுத்தார்கள். காட்டப்பட்ட வயல்களில் பயிர் கட்டையாக இருக்கிறது, இது துருக்கி மண்ணை வளமற்றதாகக் காட்டுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. திரைப்படம் அவரிடம் இருளைக் கண்டது. தணிக்கை செய்தவர்கள் அவருடைய மண்ணில் அரசின் மானத்தைக் கண்டார்கள். வெய்சலோ கட்டையாக விளைந்தாலும் நெடுக விளைந்தாலும் அந்த மண்ணுக்குக் கடன்பட்டவராகவே பாடிக்கொண்டிருந்தார்.

வெய்சல் 1973 மார்ச் 21 இல் பிறந்த ஊரான சிவ்ரியாலனிலேயே இறந்தார். அவருடைய வீடு இப்போது ஒரு நூதனசாலை. அமெரிக்க கிற்றார் கலைஞர் ஜோ சாட்ரியானி 2008 இல் வெளியிட்ட இசைத்தொகுப்பில் வெய்சலின் பெயரிலேயே ஒரு இசைக்கோலம் உண்டு. தான் போன பிறகு நண்பர்கள் தன்னை நினைக்க வேண்டும் என்று வெய்சலும் ஒரு பாட்டில் கேட்டிருந்தார். அந்தப் பாட்டில் கல்யாணங்கள் நடக்கின்றன, பெருநாட்கள் வருகின்றன, பருவங்கள் மாறுகின்றன. தான் இல்லாமலும் நடக்கப்போகும் அந்தக் கொண்டாட்டங்களின் நடுவில்தான் அவர் நினைவுகூரப்பட விரும்பினார். கண் தெரியாதவன் என்று நினையுங்கள் என அவர் கேட்கவில்லை.